எந்த ரன்டைம் பதிப்பில் ஓடும் என்பதை எங்கே எழுதி வைப்பது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

நான் பராமரிக்கும் ஒரு சின்னப் பைத்தான் லைப்ரரியின் ரீட்மீயில் (அறிமுகக் கோப்பில்) "பைத்தான் 3.6-உம் அதற்கு மேலும்" என்று ஒரு வரி ரொம்ப நாளாக இருந்தது. எழுதிய அன்று அது உண்மைதான். பிறகு ஒரு நாள் ஒரு ஃபங்ஷனைச் சுருக்கும்போது வால்ரஸ் ஆபரேட்டரை (:= என்ற குறியை) போட்டேன். அது மொழிக்குள் வந்ததே 3.8-இல்தான். என் கணினியில் இருந்தது 3.10 என்பதால் டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது, 1.4 என்று வெளியிட்டுவிட்டேன். இரண்டே நாளில், 3.7 போட்ட சர்வர் வைத்திருந்த ஒருவர் எழுதினார்: பைத்தானின் நிறுவும் கருவியான பிப் எந்தத் தடையும் சொல்லாமல் நிறுவியது, இம்போர்ட் செய்ததுமே சின்டாக்ஸ் எரர்.

அவசர அவசரமாக மெட்டாடேட்டாவில் (பேக்கேஜோடு போகும், கருவிகள் படிக்கும் விவரக் குறிப்பில்) >=3.8 என்று சேர்த்து 1.4.1 வெளியிட்டேன். அவருக்குப் பிரச்சினை தீரவில்லை. அவருடைய பிப் 1.4.1-ஐப் பார்த்தது, அது 3.8 கேட்கிறது என்று ஒதுக்கியது, எந்த நிபந்தனையும் எழுதாமல் கிடந்த 1.4-ஐயே மறுபடி எடுத்துக்கொண்டது. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான பைபிஐயில் ஏற்றிவிட்ட வெளியீட்டின் மெட்டாடேட்டாவைப் பிறகு திருத்த வழியில்லை. 1.4-ஐ "யாங்க்" செய்த பிறகுதான், அதாவது அழிக்காமலே புதிதாக நிறுவுபவர் பக்கம் போகாதபடி ஒதுக்கி வைத்த பிறகுதான், அவருக்கு 1.3 கிடைத்தது.

சொந்தமாக ஒரு பேக்கேஜ் வெளியிடும் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். எந்த ரன்டைமில், அதாவது கோடை (நிரலை) ஓட்டும் மொழியின் எந்தப் பதிப்பில், ஓடும் என்பதை ரீட்மீயில் எழுதினால் போதுமா, மெட்டாடேட்டாவில் போட வேண்டுமா, அட்டவணை ஒன்று வைக்க வேண்டுமா, சிஐயே (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்டைத் தானாக ஓட்டும் சேவையே) சாட்சி என்று விட்டுவிடலாமா, அல்லது பெரிய திட்டங்கள் மாதிரி ஒரு கொள்கையை அறிவிக்க வேண்டுமா? ஐந்தையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. ஆனால் முதலில் எதைச் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், அதைப் படிப்பது யார் என்பது. நிறுவும் கருவி படித்தால் தவறான பதிப்பு வாசலிலேயே நின்றுவிடும். மனிதர் மட்டும் படிப்பது என்றால், படிக்காதவர்தான் மாட்டிக்கொள்வார்; பெரும்பாலானோர் படிப்பதில்லை, இன்னொரு பேக்கேஜ் வழியாக உங்கள் லைப்ரரி வந்து சேர்ந்திருந்தால் அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, எழுதியது எவ்வளவு சீக்கிரம் பொய்யாகும், பொய்யானால் யாருக்குத் தெரியவரும். மூன்றாவது, வெளியிட்ட பிறகு திருத்த முடியுமா. நான்காவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பழைய வெளியீடுகளைப் பற்றியும் அது ஏதாவது சொல்கிறதா? பழைய ரன்டைமில் சிக்கியிருப்பவர் உங்கள் புதிய வெளியீட்டைத் தேடி வருவதில்லை. தனக்கு ஒத்துவரும் கடைசி வெளியீடு எது என்றுதான் தேடுகிறார்.

இவற்றோடு இன்னொன்றையும் மனதில் வையுங்கள். "பைத்தான் 3.9-ஐ ஆதரிக்கிறோம்" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு வாக்குறுதிகள் ஒளிந்திருக்கின்றன. 3.9-இல் ஓடும் என்பது ஒன்று. 3.9-இல் சோதித்துப் பார்த்தோம் என்பது இன்னொன்று. 3.9-இல் உடைந்தால் சரிசெய்து தருவோம் என்பது மூன்றாவது. படிப்பவர் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறார், எழுதியவர் முதலாவதை மனதில் வைத்திருக்கிறார். இந்த விஷயத்தில் நடக்கும் மனத்தாங்கல்களில் பெரும்பாதி இங்கேதான் தொடங்குகிறது. கீழே வரும் ஐந்து வழிகளும் இந்த மூன்றில் வெவ்வேறு வாக்குறுதியைத் தாங்குபவை.

ரீட்மீயில் ஒரு வரி

எழுத அரை நிமிடம் போதும். நிறுவும் முன்பே கண்ணில் படும். தப்பாக இருந்தால் உடனே மாற்றலாம். இவ்வளவுதான் இதன் பலம். எந்தக் கருவியும் இதைப் படிக்காது, கோடு மாறும்போது கூடவே மாறாது, பொய்யானால் யாரும் கவனிக்க மாட்டார்கள். என் கதையே அதற்குச் சாட்சி.

இதற்குப் பதிலாகப் பேட்ஜ் (பதிப்பைக் காட்டும் சின்னப் படம்) ஒட்டினால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நினைக்கலாம். பைத்தானுக்குப் பரவலாகப் பயன்படும் பதிப்புப் பேட்ஜ், பேக்கேஜில் நீங்கள் கையால் எழுதிய கிளாசிஃபையர்களை (வகைக் குறிப்புகளை) தான் எடுத்துக் காட்டுகிறது. பிப் அந்தக் கிளாசிஃபையர்களைக் கண்டுகொள்வதே இல்லை. ஆகவே பேட்ஜில் 3.7 என்று பளிச்சென்று தெரிய, உள்ளே 3.7-இல் ஓடாத கோடு இருக்க எந்தத் தடையும் இல்லை.

பேக்கேஜ் மெட்டாடேட்டா

நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். காரணம் எளிமையானது: ஐந்து வழிகளில் தவறான நிறுவலைத் தடுத்து நிறுத்தக்கூடியது இது ஒன்றே. ஆனால் எல்லா மொழியிலும் ஒரே பலத்தோடு இது வேலை செய்வதில்லை. உங்கள் மொழியில் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பைத்தானில் "ரிக்வயர்ஸ்-பைத்தான்" புலத்தை பிப் 2016-இல் வந்த 9.0 பதிப்பிலிருந்து மதிக்கிறது. பொருந்தாத வெளியீட்டைத் தாண்டி, பொருந்தும் பழைய வெளியீட்டைத் தேடிக் கொடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைமான நோடில் "என்ஜின்ஸ்" என்று எழுதினால், அதன் நிறுவும் கருவியான என்பிஎம் ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு நிறுவிவிடும். பயனர் தன் பக்கம் "என்ஜின்-ஸ்ட்ரிக்ட்" அமைப்பை இயக்கியிருந்தால்தான் நிறுத்தும். இன்னொரு நிறுவும் கருவியான யார்ன் 1 அதே புலத்தைப் பார்த்து நிறுவ மறுக்கும். ஒரே வரி, இரண்டு கருவி, இரண்டு விளைவு. ஆகவே நோட் பேக்கேஜ் வெளியிடுபவர் "என்ஜின்ஸ்" போட்டுவிட்டோம், இனி யாரும் தப்பாக நிறுவ முடியாது என்று நம்பி உட்காரக் கூடாது.

கோ மொழியில் மாட்யூல் கோப்பில் இருக்கும் கோ பதிப்பு வரி முன்பெல்லாம் வெறும் ஆலோசனையாகத்தான் இருந்தது. 2023-இல் வந்த 1.21-இலிருந்து அது கட்டாயக் குறைந்தபட்சம். தேவையான டூல்செயின் (கம்பைலர் முதலிய கருவித் தொகுப்பு) இல்லையென்றால் இறக்கிக்கொள்ளவும் செய்யும். பழைய பழக்கத்தில், புதிய பதிப்பு எண்ணை யோசிக்காமல் அந்த வரியில் போட்டால், உங்களைச் சார்ந்திருக்கும் அத்தனை பேரின் குறைந்தபட்சமும் உயர்ந்துவிடும். ரஸ்டில் "ரஸ்ட்-வெர்ஷன்" புலம் 2021-இல் 1.56-உடன் வந்தது. ஆனால் சார்புகளை (ஒரு பேக்கேஜ் நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்களை) தேர்ந்தெடுக்கும்போது ரஸ்டின் கருவியான கார்கோ அதைக் கணக்கில் எடுக்கத் தொடங்கியது 2025 தொடக்கத்தில் வந்த 1.84-இலிருந்துதான். அதுவரை, பொருந்தாத சார்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு, கம்பைல் செய்யும் நேரத்தில்தான் முறையிடும்.

பிஎச்பியின் நிறுவும் கருவியான கம்போசரில் ரன்டைமே ஒரு சார்பு போல எழுதப்படுகிறது. கருவி கண்டிப்பாக மதிக்கும். கம்போசர் 2 இன்னும் ஒரு படி மேலே போய், நிரல் ஓடத் தொடங்கும்போதும் ஒரு முறை சரிபார்க்கிறது. ஒரு கணினியில் நிறுவி இன்னொரு சர்வருக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய காப்பு.

இதில் மறைந்திருக்கும் செலவு உச்சவரம்பு. குறைந்தபட்சத்தை எழுதும்போது நமக்குத் தெரிந்த ஓர் உண்மையை எழுதுகிறோம்: இந்தக் கோடு 3.8-இன் இலக்கணத்தைப் பயன்படுத்துகிறது, அதனால் 3.7-இல் ஓடாது. உச்சவரம்பை எழுதும்போது இன்னும் வராத ஒன்றைப் பற்றி ஊகிக்கிறோம். ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். உங்கள் 2.0-இல் "<3.12" என்று போடுகிறீர்கள். 1.5-இல் அப்படி எதுவும் இல்லை. 3.12 வைத்திருப்பவர் நிறுவினால் பிப் தடுக்காது, 2.0-ஐத் தாண்டிப் போய் 1.5-ஐக் கொண்டுவந்து கொடுக்கும். அது 3.12-இல் இன்னும் மோசமாக உடையும். தடுக்க நினைத்த பிழையைவிடக் குழப்பமான பிழை அவர் கையில் கிடைக்கும்.

பிஎச்பி உலகம் இதை வேறு விதமாக அனுபவித்தது. "^7.2" என்ற வழக்கமான குறியீடு 8.0-க்கு முன்பே நின்றுவிடும். 2020 நவம்பரில் பிஎச்பி 8.0 வந்தபோது, ஒரு வரிகூட மாற்றத் தேவையில்லாத லைப்ரரிகளும் "^7.2 || ^8.0" என்று எழுதுவதற்காகவே புதிதாக வெளியிட வேண்டி வந்தது. பராமரிப்பவர் ஓய்ந்துபோன லைப்ரரிகளுக்கு அந்த வெளியீடு வரவில்லை. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு நிறுவினார்கள். காப்புக்காக எழுதிய வரி, காப்பை மொத்தமாக அணைக்க வைத்தது.

உச்சவரம்பு நியாயமாக இருக்கும் இடமும் உண்டு. நம்பா போல பைத்தானின் பைட்கோடையே (பைத்தான் உள்ளே ஓட்டும் இடைநிலைக் கோடையே) படித்து மாற்றும் லைப்ரரி ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் தனியாக வேலை செய்தாக வேண்டும். புதியதில் அது ஓடாது என்பது அங்கே ஊகம் இல்லை, தெரிந்த விஷயம்.

சிஐ மேட்ரிக்ஸே சாட்சி

மேட்ரிக்ஸ் என்பது சிஐ எந்தெந்தப் பதிப்புகளில் டெஸ்டை ஓட்ட வேண்டும் என்ற பட்டியல். "எங்கள் சிஐயைப் பாருங்கள், அங்கே பச்சையாக இருப்பதெல்லாம் ஆதரவு உள்ளது" என்பது நேர்மையான பதில். சோதித்தோம் என்ற இரண்டாவது வாக்குறுதியை இதைவிட நன்றாகத் தாங்கும் வழி இல்லை. எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்கும். கோடு ஒரு பதிப்பில் உடைந்தால் அன்றே சிவப்பு விழும். வால்ரஸ் வந்த அன்று எனக்கு 3.7 வரிசை ஒன்று மேட்ரிக்ஸில் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேறு தொடக்கம் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் அது சொல்வது மெயின் கிளையின் இன்றைய நிலையை. பயனர் நிறுவியிருக்கும் 2.3 பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பழைய ஓட்டங்களின் பதிவுகளைச் சேவைகள் சில மாதங்களில் அழித்துவிடும். தவிர, மேட்ரிக்ஸ் கோப்பைத் திறந்து படிக்கச் சொல்வது பயனருக்கு வேலை வைப்பது. அதைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் பயனர்களில் எத்தனை பேர்?

நடைமுறைச் செலவுகளும் உண்டு. சிஐ அமைப்பை எழுதும் யாமெல் கோப்பில் 3.10 என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் அது தசம எண்ணாகி 3.1 ஆகிவிடும், சிஐ 2009-ஆம் ஆண்டுப் பைத்தானைத் தேடிப் போய் விழும். இது தெரிந்தவருக்கு ஒரு நொடி வேலை, தெரியாதவருக்கு ஒரு மாலைப்பொழுது. பழைய ரன்டைம்கள் சிஐ சேவைகளின் இயல்பு இமேஜ்களிலிருந்து (தயாராக வைத்திருக்கும் கணினிச் சூழல்களிலிருந்து) காணாமல் போவது இன்னொன்று. பயனர்கள் இருப்பார்கள், சோதிக்க இடம் இருக்காது.

ஜாவாவில் இன்னும் நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. ஜேடிகே 11-இல் (ஜாவா 11-இன் கம்பைலர் தொகுப்பில்) "டார்கெட் 8" என்று கம்பைல் செய்தால் ஜாவா 8-இல் ஓடும் கிளாஸ் கோப்பு வரும் என்று தோன்றும். கோப்பின் பதிப்பு எண்ணும் 52 என்று, ஜாவா 8-க்கு உரியதாகவே இருக்கும். ஆனால் பைட்பஃபரின் ஃபிளிப் மெத்தடை நீங்கள் அழைத்திருந்தால், ஜாவா 8-இல் அது "நோ சச் மெத்தட் எரர்" என்று விழும். ஜாவா 9-இல் அந்த மெத்தடின் ரிட்டர்ன் டைப் மாறியது. கம்பைலர் புதிய கையொப்பத்தைக் கிளாஸ் கோப்பில் பதித்துவிட்டது. "ரிலீஸ் 8" என்ற ஃபிளாக் கொடுத்துக் கம்பைல் செய்தால் இது வராது. கம்பைல் ஆனது என்பதற்கும் அந்த ரன்டைமிலேயே ஓட்டிப் பார்த்தோம் என்பதற்கும் உள்ள தூரம் இதுதான். மேட்ரிக்ஸில் பழைய ரன்டைமை வைத்து டெஸ்டை ஓட்டுங்கள், கம்பைல் மட்டும் செய்து நிறுத்தாதீர்கள்.

பொருத்த அட்டவணை

வரிசைக்கு ஒரு வெளியீடு, எதிரே அது ஏற்கும் ரன்டைம்கள். பழைய வெளியீடுகளைப் பற்றி நேராகப் பதில் சொல்லும் வழி இது ஒன்றுதான். பைத்தான் வலை ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவின் அட்டவணை நல்ல மாதிரி. 4.2-க்கு எதிரே 3.8 முதல் 3.12 வரை என்று இருக்கும், கூடவே 3.12 மட்டும் 4.2.8-இலிருந்து என்ற குறிப்பும் இருக்கும். அந்தச் சின்னக் குறிப்பு எத்தனை பேருடைய நேரத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். "4.2 போட்டிருக்கிறேன், 3.12-இல் ஏன் ஓடவில்லை" என்று கேட்பவர் 4.2.5 வைத்திருப்பார்.

ஜாவா திட்டங்களைக் கம்பைல் செய்து கட்டும் கிரேடில் போன்ற கருவிகளில் கேள்வியே இரட்டைக் கேள்வி. கிரேடிலை ஓட்ட எந்த ஜாவா வேண்டும், கிரேடில் கொண்டு எந்த ஜாவாவுக்குக் கம்பைல் செய்யலாம் என்பவை வேறு வேறு. ஜாவா 21-இல் கிரேடிலையே ஓட்ட 8.5 வேண்டும். இந்த மாதிரி இரண்டு அச்சில் நகரும் விஷயத்தை வாக்கியமாக எழுதினால் யாருக்கும் புரியாது, அட்டவணைதான் சரி. ஒரு ஃபிரேம்வொர்க்கின் மேல் ஓடும் பிளகின் எழுதுபவர்களுக்கும் இதே நிலைமைதான்.

செலவு என்று பார்த்தால், ஒவ்வொரு வெளியீட்டிலும் யாராவது ஒருவர் நினைவாக ஒரு வரிசையைச் சேர்க்க வேண்டும். இரண்டு முறை மறந்தால், அட்டவணை நிற்கும் இடத்தைப் பார்த்துத் திட்டமே நின்றுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். வெளியீட்டுக்கான செயல்பட்டியலில் இதையும் ஓர் உருப்படியாக வைக்க முடியாதவர் அட்டவணை தொடங்காமல் இருப்பது நல்லது.

ஆதரவுக் கொள்கை

எண்களை எழுதாமல் விதியை எழுதுவது. அறிவியல் பைத்தான் லைப்ரரிகள் பல பின்பற்றும் ஸ்பெக் 0 என்ற பரிந்துரை, ஒரு பைத்தான் பதிப்பை அது வெளியான 3 ஆண்டுகளுக்குப் பிறகு கைவிடலாம் என்கிறது. முக்கியச் சார்பு லைப்ரரிகளுக்கு 2 ஆண்டுகள். கோ குழு கடைசி இரண்டு முக்கிய வெளியீடுகளை மட்டும் ஆதரிக்கிறது, பல கோ லைப்ரரிகள் அதையே தங்கள் விதியாகவும் எடுத்துக்கொள்கின்றன.

மூன்றாவது வாக்குறுதியை, அதாவது எதுவரை சரிசெய்து தருவோம் என்பதை, முன்கூட்டியே சொல்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பழைய பதிப்பைக் கைவிடும்போது ஒவ்வொரு முறையும் வாதாடத் தேவையில்லை. விதி விதியாகவே பழசாகாமல் இருக்கும்.

ஆனால் பயனர் ஒரு நாட்காட்டியை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். அப்புறம், விதி எழுதியவரின் நாட்காட்டியும் பயனரின் நாட்காட்டியும் ஒன்றாக இருப்பதில்லை. பைத்தான் குழு 3.9-க்கான ஆதரவை 2025 அக்டோபரில் முடித்துக்கொண்டது. ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9-இன் இயல்புப் பைத்தான் 3.9, அந்த இயங்குதளத்துக்கு ஆதரவு 2032 வரை. அங்கே உட்கார்ந்திருப்பவர் சோம்பலால் பழையதில் இருக்கவில்லை. உங்கள் பயனர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய என்றால், 3 ஆண்டு விதியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டாதீர்கள்.

ஒரே பார்வையில்

| வழி | யார் படிப்பது | பொய்யானால் தெரியவருமா | வெளியிட்ட பின் திருத்தம் | பழைய வெளியீடுகள் | தாங்கும் வாக்குறுதி |
|---|---|---|---|---|---|
| ரீட்மீ வரி | மனிதர் | தெரியாது | எளிது | சொல்லாது | தெளிவில்லை |
| மெட்டாடேட்டா | கருவி | சிஐ இருந்தால் மட்டும் | பைபிஐ, என்பிஎம்மில் புது வெளியீடுதான் | வெளியீட்டோடு பதிந்திருக்கும் | ஓடும், ஓடாது |
| சிஐ மேட்ரிக்ஸ் | பராமரிப்பவர் | உடனே | எளிது | சொல்லாது | சோதித்தோம் |
| அட்டவணை | மனிதர் | யாராவது சொன்னால் | எளிது | நன்றாகச் சொல்லும் | ஓடும், சோதித்தோம் |
| கொள்கை | மனிதர் | பொய்யாவது அரிது | தாமதமாக, முன்னறிவிப்போடு | சொல்லாது | சரிசெய்து தருவோம் |

யாருக்கு எது

தனியாளாக ஒரு லைப்ரரியைப் பராமரிப்பவருக்கு: மெட்டாடேட்டாவில் குறைந்தபட்சம், சிஐயில் இரண்டு முனைகள். இரண்டு முனை என்றால் நீங்கள் எழுதிய குறைந்தபட்சப் பதிப்பும் இன்று கிடைக்கும் ஆகப் புதிய பதிப்பும். நடுவில் இருப்பவற்றைச் சேர்க்க நேரம் இருந்தால் சேருங்கள். பழையதில் இல்லாத அம்சத்தைப் பயன்படுத்திவிடுவதும், புதியதில் நீக்கப்பட்டதைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இரண்டு ஓரங்களில்தான் வெடிக்கும். பேக்கேஜ் கட்டும் பழைய மாட்யூலான டிஸ்ட்யூட்டில்ஸைப் பைத்தான் 3.12 நீக்கியபோது மேல் முனை வைத்திருந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்தது. ரீட்மீயில் எண் எழுதவே வேண்டாம், மெட்டாடேட்டா கோப்புக்கு ஓர் இணைப்புப் போதும். முதல் வெளியீட்டிலிருந்தே குறைந்தபட்சத்தை எழுதிவிடுங்கள். எழுதாத ஒரே ஒரு பழைய வெளியீடு போதும், கருவி அதைத் தேடிப் பிடித்துவிடும்.

லைப்ரரி இல்லை, நேராக ஓட்டும் ஒரு செயலி என்றால் கணக்கு மாறும். உங்களை யாரும் சார்ந்திருக்கவில்லை. ரன்டைமையும் சேர்த்துப் பொட்டலமாகக் கொடுக்கலாம், துல்லியமான பதிப்பு ஒன்றைப் பூட்டி வைக்கலாம், உச்சவரம்பும் போடலாம். மேலே உச்சவரம்புக்கு எதிராகச் சொன்னது எதுவும் இங்கே பொருந்தாது.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிளைகளைப் பராமரிக்கும் திட்டம் என்றால் அட்டவணை இல்லாமல் முடியாது. ஒன்றையொன்று சார்ந்த பல லைப்ரரிகளை ஒரே குழு வைத்திருந்தால் கொள்கைதான் முதலில். இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் பழையதைக் கைவிட்டு, பயனர் நடுவில் சிக்குவார்.

எந்தச் சேர்க்கையைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள். மெட்டாடேட்டாவின் குறைந்தபட்சமும் சிஐ மேட்ரிக்ஸின் சிறிய எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அட்டவணை இருந்தால் அதன் முதல் வரிசையையும். ஒத்துப்போகவில்லை என்றால் சிவப்பு. என்னுடையது இருபது வரிகூட இல்லை. எழுதிய பிறகு இரண்டு முறை என்னைத் தடுத்திருக்கிறது.

பழையதைக் கைவிடும் நாளில்

இந்த வழிகள் எல்லாம் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய நாள் இது. பைத்தானை ஊடாடி ஓட்டும் கருவியான ஐபைத்தான் 2017-இல் 6.0 வெளியிட்டபோது பைத்தான் 2-ஐக் கைவிட்டது. மெட்டாடேட்டாவில் அது எழுதியிருந்ததால் பிப் 9 வைத்திருந்தவர்களுக்கு எந்தச் சத்தமும் இல்லாமல் 5.x வந்தது. பழைய பிப் அந்தப் புலத்தைப் பார்க்கவே தெரியாதது, அது 6.0-ஐ இழுத்து வந்தது. அவர்களுக்காக ஐபைத்தான் குழு நிறுவல் ஸ்கிரிப்டுக்குள்ளேயே ஒரு செய்தி வைத்திருந்தது: இந்தப் பதிப்பு பைத்தான் 2.7-ஐ ஆதரிக்காது, நீண்டகால ஆதரவுள்ள 5.x-ஐ நிறுவுங்கள். எந்தப் பதிப்புக்குப் போக வேண்டும் என்பது, பிழை வரும் அந்த இடத்திலேயே எழுதியிருந்தது.

என் லைப்ரரியில் 3.8-ஐக் கைவிட்டபோது அதையே செய்தேன். மாற்றப் பட்டியலின் முதல் வரி: "பைத்தான் 3.8-இல் இருப்பவர்களுக்குக் கடைசி வெளியீடு 2.6. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் அந்தக் கிளைக்கு இன்னும் ஓராண்டு வரும்." 2.6-ஐ வெளியிடும் முன் பைத்தான் 3.8 மட்டும் உள்ள ஒரு வெற்றுக் கன்டெய்னரில் (தனித்த சோதனைச் சூழலில்) நிறுவிப் பார்த்தேன். பிறகு லைப்ரரியின் 3.0-ஐ ஏற்றிவிட்டு, அதே கன்டெய்னரில் மறுபடி நிறுவச் சொன்னேன். 2.6 வந்தது.